சத்தம் வராத கேமரா

1

இணையத்தில் என் போன குறிப்புக்குக் கீழே திம்புள்ளப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாளாம். லீவு நாட்களில் ஊர் சுற்றி, பார்த்ததை எழுதிப் படத்தோடு இணையத்தில் போட ஆசையாம். உங்கள் படங்கள் தெளிவாக இருக்கின்றன, என்ன கேமரா வைத்திருக்கிறீர்கள், எனக்குக் கையில் காசு குறைவு, தோளில் போட்டுக்கொண்டு மலை ஏற லேசாகவும் இருக்க வேண்டும், ஒன்று சொல்லுங்கள் அம்மா என்று கேட்டிருந்தாள்.

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கனடாவுக்கு வந்து இத்தனை காலத்தில் யாரும் என்னிடம் எதைப் பற்றியும் யோசனை கேட்டதில்லை. பதிலை நீயே போட்டுவிடு என்று பிலோமினாவிடம் சொன்னேன். பிலோமினா மஸ்கெலியாக்காரி. இங்கே முதியவர்களுக்கான இங்கிலீஷ் வகுப்பில் என் பக்கத்துக் கதிரை. நான் கொப்பியில் எழுதுவதைத் தட்டி இணையத்தில் ஏற்றுகிறவளும் அவள்தான்.

"தூக்கிட்டு அலைஞ்சது நீங்க, பதில் மட்டும் நான் போடவா? எழுதுங்கக்கா" என்றாள்.

இன்றைக்கு என் வீட்டுக்காரருடைய திவசம். காலையிலேயே சமைத்துப் படைத்துவிட்டேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டார்கள், பேத்தி பள்ளிக்கூடத்தில். வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது. கேமரா வாங்கிய கதையும் போன வருடம் இதே திவசத்தில்தான் தொடங்கியது. அதனால் இன்றைக்கே எழுதுகிறேன்.

2

சுவரில் தொங்கும் அவருடைய படத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுக்கவில்லை. அவருக்கு இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது. அவர் காய்ச்சலில் போனபோது, இறப்பைப் பதியப் போன இடத்தில் அந்த அட்டையை வாங்கிக்கொண்டார்கள். சட்டம் அப்படியாம். பிறகு மிஞ்சியது சாவு வீட்டில் எடுத்த படம் ஒன்றுதான்.

தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். இங்கே பிறந்து வளர்ந்து இதைப் படிக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் காலத்தில் லயத்துக்கு, அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கேமரா வருவது சாவுக்குத்தான். ஹட்டனிலிருந்து படக்காரர் பஸ் பிடித்து, நனைந்த பையோடு வந்து இறங்குவார். முகம் தெரிகிற மாதிரி சவப்பெட்டியின் தலைமாட்டைத் தூக்கிச் சாய்த்து வைப்பார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்பார்கள். தப்பு அடிக்கிறவர்கள் அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்துவார்கள். அழுகிறவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அத்தனை பேர் நிற்கிற வாசலில் கேமராவின் 'டிக்' மட்டும் கேட்கும். அது கேட்ட பிறகுதான் அசையலாம். கேட்டதும் தப்பும் அழுகையும் மறுபடி தொடங்கும்.

மகள் வசந்தி அப்போது கைக்குழந்தை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அப்படி நின்றேன். பிறகு படக்காரர், முகத்தைத் தனியாகப் பெரிசாக்கித் தரலாம், கண்ணையும் திறந்து தரலாம் என்றார். அக்காதான் சரி என்று சொன்னாள். அவரும் திறந்து கொடுத்தார். மையால் வரைந்த கண். அது யாருடைய கண்ணோ, என் வீட்டுக்காரருடையது இல்லை.

போன வருடத் திவசத்தன்று பேத்தி அந்தப் படத்துக்கு முன்னால் நின்று இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. வசந்தி சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னாள்: "அம்மப்பா ஏன் எங்களப் பாக்காமக் கதவப் பாக்கிறார் எண்டு கேக்கிறாள்."

பிள்ளை சொன்னது சரி. அந்தக் கண் கொஞ்சம் ஒதுங்கித்தான் பார்க்கிறது. நான் அவருடைய சொந்தக் கண்ணை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. இத்தனை வருடம் இந்த மைக் கண்ணையே பார்த்துப் பார்த்து அந்தக் கண் போய்விட்டது.

அன்றைக்குத்தான் அக்காவின் நினைப்பு வந்தது. என் கூடப் பிறந்தவர்களில் மிச்சம் இருந்தவள் பாக்கியம் அக்கா மட்டும். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் நாங்கள் பிறந்த அதே லயத்தில், மகன் யோகராஜோடு இருந்தாள். போனில் பேசினால் பேச்சை விட இருமல்தான் அதிகம். அக்கா நிற்கிற படங்கள் என்னிடம் நிறைய உண்டு. அப்பா, அம்மா, தம்பி, என் வீட்டுக்காரர் என்று எல்லாவற்றிலும் நடுவில் ஒரு பெட்டி. பெட்டி இல்லாத படம் ஒன்றுகூட இல்லை. அவளுக்கும் யாரோ ஒரு படக்காரர் மையால் கண் வைப்பதற்குள் நான் போய் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

3

இனி அந்தப் பிள்ளை கேட்டதற்கு வருகிறேன்.

போன் இருக்கும்போது கேமரா எதற்கு என்று நீ கேட்கலாம். வசந்தியும் கேட்டாள். "ஏன் அம்மா உங்களுக்கு இந்தக் கரைச்சல், போனில எடுத்தாக் காணாதோ?" என்றாள். அவள் கட்டியது யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இப்போது என்னிடமும் அந்தப் பேச்சில்தான் பேசுகிறாள். வீட்டுக்குள் எங்கள் பேச்சுப் பேச நான் ஒருத்திதான்.

என் விரல் போனுக்குத் தெரிவதில்லை. கொழுந்து கிள்ளிக் கிள்ளி நுனி தேய்ந்து, தோல் கட்டை மாதிரி காய்ந்துவிட்டது. எத்தனை தரம் தொட்டாலும் கண்ணாடி பேசாமல் இருக்கும். இங்கே வருவதற்குக் கைரேகை எடுத்தபோதும் இதே கதை. விரலை வைத்தால் மெஷினில் ஒன்றும் விழவில்லை. துடைத்து வைத்தேன், அழுத்தி வைத்தேன், களிம்பு பூசி வைத்தேன். அந்த அலுவலர் வேண்டுமென்றே விரலைத் தேய்த்துக்கொண்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். இவர் என்ன வேலை செய்தவர் என்று வசந்தியிடம் கேட்டாராம். வசந்தி "ஹவுஸ் வைஃப்" என்றாள். அவள் சொன்னதில் எனக்கு விளங்கிய சொல் அது ஒன்றுதான்.

ஆகையால் எனக்கு வேண்டியது அழுத்தினால் அமுங்குகிற, விரலுக்குத் தட்டுப்படுகிற ஒரு பொத்தான். அதோடு எடை குறைவு. என் வலது தோள் கூடை சுமந்தே இறங்கிப்போனது.

பிலோமினா என்னைப் பழைய கேமரா விற்கிற கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே நின்ற பெண்ணும் தமிழ்ப் பிள்ளைதான். முதலில், முன்னால் நீளக் குழாய் வைத்த பெரிய கறுப்புக் கேமராவை எடுத்துத் தந்தாள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் கழுத்தில் போட்டதும் கூடைக் கயிறு நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்றேன். அடுத்து, தீப்பெட்டி அளவில் ஒன்று. சைக்கிள்காரர்கள் தலையில் மாட்டிக்கொண்டு போவது, தண்ணீருக்குள் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்றாள். அது எல்லாவற்றையும் வளைத்துக் காட்டியது. கடைச் சுவரே வில்லு மாதிரி வளைந்தது. எங்கள் லயத்தின் கூரைக்கு இருக்கிற வளைவே போதும்.

மூன்றாவதுதான் இது. உள்ளங்கைக்குள் அடங்கும். பின்னால் படம் தெரிகிற கண்ணாடியை மேலே தூக்கி முன்பக்கம் திருப்பலாம். நம்மை நாமே எடுத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்கு அது வசதி. பொத்தான் தடித்து நிற்கும். போன் சார்ஜ் பண்ணுகிற வயரையே இதற்கும் போடலாம், தனி வயர் தேடி அலைய வேண்டாம். மூலையில் ஒரு கீறல் இருந்ததால் விலையிலும் குறைத்தார்கள். கீறல் வெளியில்தான், படத்தில் வராது.

நீ வாங்கப் போகும்போது இதைச் செய்து பார். கேமராவை ஒரு கையால் பிடித்து, கையை நேரே நீட்டு. உன் கூடப் பிறந்தவர்கள், மாமன், சித்தப்பன் எல்லார் பேரையும் மெதுவாகச் சொல். முடியும்வரை கை நடுங்காவிட்டால் அது உனக்குப் பாரமில்லை. கடைக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே. நான் பார்த்துப் பார்த்துக் கெட்டவள்.

அந்தக் கடைப் பெண் காசை வாங்கிக்கொண்டே, "அன்ரி, நீங்கள் ஊரில எவடம்?" என்று கேட்டாள்.

"கண்டி" என்றேன். வசந்தி சொல்லிக் கொடுத்திருக்கிற பதில் அது. தோட்டம் என்று சொன்னால் அவளுடைய மாமியார் பக்கத்துக்கு ஒரு மாதிரியாம்.

பிலோமினா விடவில்லை. "எனக்கு மஸ்கெலியா. இவங்களுக்கும் கண்டிதான், ஹட்டன் தாண்டி, மல ஏறி, தேயிலைக்குள்ள பூந்து போனா வர்ற கண்டி" என்றாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண் சோதித்துக் காட்டுவதற்காக ஒரு படம் எடுத்தாள். டிக் என்ற சத்தம் கடை முழுக்கக் கேட்டது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சுருங்கியது. இந்தச் சத்தத்தை நிறுத்த முடியாதா என்று பிலோமினாவின் காதில் கேட்டேன். அந்தப் பெண் எங்கேயோ இரண்டு தரம் அமுக்கினாள்.

"இனிச் சத்தம் வராது அன்ரி. நீங்கள் ஆரையும் களவா எடுக்கலாம்" என்று சிரித்தாள்.

4

ஊருக்குப் போய் ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கியபோது மழையும் மூடுபனியும். யோகராஜ் ஆட்டோ கொண்டு வந்திருந்தான். அவன் ஹட்டனில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்கிறான், சட்டையில் கசங்கல் இருக்காது. அம்மா இன்னும் நாள் கூலிக்குக் கொழுந்துக்குப் போகுது சின்னம்மா, சொன்னாக் கேக்குதில்ல, நீங்களாவது சொல்லுங்க என்றான்.

லயத்துக்குப் பின்னால் மலை ஒரு இடத்தில் சரிந்து, செம்மண் வெளியே தெரிந்தது. கடைசி இரண்டு காம்பராக்களில், ஒற்றை அறை வீடுகளில், ஆள் இல்லை. மற்றவர்கள் மழை வலுத்தால் மண்சரிவுக்குப் பயந்து பள்ளிக்கூடத்துக்குப் போவதும், விட்டால் திரும்பி வருவதுமாக இருந்தார்கள். அக்கா மட்டும் எங்கேயும் போவதில்லையாம். அவள் பாதியாகியிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டபோது அவள் நெஞ்சுக்குள் மூச்சு சீழ்க்கை அடிப்பது எனக்குக் கேட்டது.

கேமராவைக் காட்டி, உன்னை எடுக்கத்தான் வந்தேன் என்றேன். அக்கா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இது வந்தா பின்னால பெட்டியும் வரும்டி. நான் இன்னும் படுக்கல. உள்ள வை."

அதற்குப் பிறகு நான் பொத்தானைத் தொட்டாலே எழுந்து போய்விடுவாள். அடுப்படியில் இருந்தால் வாசலுக்கு, வாசலில் இருந்தால் பக்கத்துக் காம்பராவுக்கு. நான் மற்றதையெல்லாம் எடுத்தேன். தேயிலை அரைக்கிற ஸ்டோரை, ஆற்றை, சரிந்த மண்ணை, பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்க நிற்கிற பெண்களை. நீ தெளிவாக இருக்கிறது என்று சொன்ன படங்கள் அவைதான். நான் வந்தது அவற்றுக்கு இல்லை.

திரும்ப வேண்டிய நாள் கிட்ட வந்தபோது யோகராஜின் மனைவியே அக்காவைத் திட்டினாள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவங்க, ஒரு படத்துக்கு நின்னா கொறஞ்சா போயிருவீங்க என்றாள். அக்கா கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். மத்தியானம் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வரும் வழியில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு மேலே நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து எடு. வாசல்ல நிக்க மாட்டேன். வாசல் பெட்டி வைக்கிற எடம்."

அவள் இடுப்பில் படங்கு இருந்தது. சேலை நனையாமல் கொழுந்துப் பெண்கள் சுற்றிக்கொள்கிற தடித்த இரட்டுத் துணி. தலையில் கூடைக் கயிறு அழுத்திய துண்டு. வேறு சேலை மாற்றிக்கொண்டு வா என்றால் மனம் மாறிவிடுவாள் என்று பயந்து நான் ஒன்றும் சொல்லவில்லை.

தேயிலைக்கு நடுவில் நின்றாள். இரண்டு கையையும் தொங்கவிட்டு, காது தெரியத் துண்டை ஒதுக்கி, கண்ணை அகல விரித்து, மூச்சைப் பிடித்தாள். அடையாள அட்டைக்கு நின்ற மாதிரி. பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மாதிரியும்தான்.

நான் அமுக்கினேன். சத்தம் வரவில்லை. நான்தானே நிறுத்தச் சொன்னேன், அந்த நேரத்தில் அது நினைவில் இல்லை. விழவில்லையாக்கும் என்று கேமராவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அக்காவும் நின்றாள். மூடுபனி வந்து அவளுக்குப் பின்னால் இருந்த மலையை மறைத்தது. உதட்டை அசைக்காமல் கேட்டாள்:

"எடுத்துட்டியா?"

"ஆடாம நில்லுக்கா."

"சத்தம் கேக்கலயே."

"இன்னும் வரல. நில்லு."

அக்கா நின்றாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டியது. அதற்கு மேல் முடியாமல் இருமல் உடைந்துகொண்டு வந்தது. இருமலுக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது.

"படம் எடுத்துக் கொல்றதுக்கா வந்த?" என்றாள்.

பதறிப்போய் நான் வேறொரு பொத்தானை அமுக்கியதில் அந்தச் சிரிப்பு விழுந்தது. வெற்றிலைச் சிவப்பு வாய், மிஞ்சியிருந்த பல், படங்கு, பின்னால் தேயிலை, தேயிலைக்குக் கீழே லயத்துத் தகரம். அக்காவிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள்.

"நான் அம்மா மாதிரியாடி இருக்கேன்? சொல்லவே இல்ல ஒருத்தரும்."

5

நான் திரும்பி வந்து சில வாரங்களில் அக்கா போய்விட்டாள். மழைக்கோ மண்ணுக்கோ இல்லை. இழுத்த மூச்சு வெளியே வரவில்லை, அவ்வளவுதான். மறுபடி டிக்கெட் எடுக்க வசந்திக்கு வழியில்லை. நான் கேட்கவும் இல்லை.

யோகராஜ் போனில் அழுதுகொண்டே, சின்னம்மா நீங்க எடுத்த படத்த அனுப்புங்க, பெரிசாக்கி வைக்கணும் என்றான். அவ்வளவு அழுகையிலும் எனக்கு ஒரு ஆறுதல். எதற்காகப் போனேனோ அது நடந்துவிட்டது. அக்காவுக்கு யாரும் கண் வரைய வேண்டியதில்லை. பிலோமினா அந்தச் சிரிப்பை உடனே அனுப்பிவைத்தாள்.

அடுத்த நாள் சாவு வீட்டுப் படங்கள் போனில் வந்தன. வாசலில் அக்காவின் படத்தைப் பெரிசாக்கி மாலை போட்டு வைத்திருந்தார்கள். எனக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. சிவப்புப் பட்டுச் சேலை. கழுத்தில் தடித்த சங்கிலி. பின்னால் நீலத் திரை. தேயிலை இல்லை, லயம் இல்லை, படங்கு இல்லை. முகம் நான் எடுத்த முகம்தான். வாய் மட்டும் மூடியிருந்தது. சிரிப்பை அழித்து, யாருடையதோ இரண்டு உதட்டை ஒட்டியிருந்தார்கள். சிரிப்பில் இடுங்கிய கண் அப்படியே இருந்தது. அது சிரிக்கிறது, அதற்குக் கீழே வாய் இறுகியிருக்கிறது.

எட்டாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் யோகராஜிடம் கேட்டேன்.

"ஏன்டா அம்மா வாய மூடுனீங்க?"

"ஸ்டுடியோக்காரன்தான் கேட்டான் சின்னம்மா, சாவு வீட்டுக்குச் சிரிச்ச மொகம் நல்லா இருக்காது, மூடவான்னு. சரின்னேன்" என்றான்.

"படங்கு?"

"மொதலாளி வந்தாரு, டீச்சர்மாரு வந்தாங்க. படங்கோடயா வைக்கச் சொல்றீங்க? காலம் பூரா அதுலயேதான கெடந்துச்சு. ஒரு பட்டுச்சேல நான் வாங்கிக் குடுக்கல சின்னம்மா. படத்துலயாவது கட்டிக்கட்டும்னுதான்."

அவன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. நல்லா இருக்குடா என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பிலோமினா அந்தச் சிரித்த படத்தைப் பெரிசாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். கூடத்தில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கச் சொன்னேன். வசந்தி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பெரியம்மாவுடைய இடுப்பில் தூங்கி வளர்ந்தவள் அவள். கண் கலங்கியது. பிறகு சட்டத்தின் கீழ் மூலையை விரலால் மறைத்துப் பார்த்தாள்.

"லயம் தெரியுது அம்மா" என்றாள். "உங்கட அறைக்குள்ள வைச்சிருங்கோ."

எங்கள் பேச்சில் சொல்லியிருந்தால் ஒருவேளை சண்டை பிடித்திருப்பேன். உங்கட என்று சொன்னதும் யாரோ வீட்டுக்காரி வாடகைக்கு இருக்கிறவளிடம் சொன்னதுபோல் இருந்தது. எடுத்துக்கொண்டு போய் அறையில் வைத்தேன்.

6

பிள்ளை, நீ கேட்டதற்கு இதுதான் பதில். கை நடுங்காத எடை. விரலுக்குத் தட்டுப்படும் பொத்தான். போன் வயரே போதுமானது. கீறல் இருந்தால் பரவாயில்லை. நம் பக்கத்து மூடுபனிக்குக் கண்ணாடியில் நீர் பூக்கும், பழைய வேட்டித் துணி ஒன்று பையில் இருக்கட்டும். படம் தெரிகிற கண்ணாடியைத் திறந்தே வைத்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், இன்னொன்று வாங்கி வைத்துக்கொள். பெயரும் நம்பரும் பிலோமினா கீழே போடுவாள். சத்தத்தை வைப்பதா நிறுத்துவதா என்று மட்டும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஏனென்றால், பீலிக்கு மேலே முதலில் நான் அமுக்கியது படத்துக்கான பொத்தான் இல்லை. வீடியோவுக்கானது. அக்கா போன பிறகு பிலோமினாதான் கேமராவைத் துருவிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தனை நேரமும் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்றைக்கு அவருக்குப் படைத்த பிறகு, கேமராவின் கண்ணாடியை முன்பக்கம் திருப்பி, அவருடைய படத்துக்குக் கீழே சுவர்ப் பலகையில் நிமிர்த்தி வைத்தேன். வீட்டில் யாரும் இல்லை. ஓடவிட்டேன். மூடுபனி வருகிறது. எடுத்துட்டியா என்கிறாள். சத்தம் கேக்கலயே என்கிறாள். நில்லு என்று என் குரல். அவள் முகம் சிவக்கிற இடத்தில் நான் அமுக்கி நிறுத்திவிடுகிறேன். எப்போதும் அங்கேதான் நிறுத்துகிறேன், இருமல் வருவதற்கு முன்னால்.

அக்கா படங்கோடு நிற்கிறாள். அவள் கண்ணை யாரும் திறந்து வைக்கவில்லை. வாயை அவளே மூடியிருக்கிறாள். சத்தம் வரட்டும் என்று நிற்கிறாள்.